ஸ்டீம் டெக், ரோக் அலை, லீஜியன் கோ, கிளா: எல்லையோரத்துப் பையனுக்கு எது சரி?

கையில் பிடித்து விளையாடும் கேமிங் கணினி வேண்டும் என்று 2021-இல் யாராவது ஆசைப்பட்டிருந்தால், சீனாவின் ஜிபிடி, அயாநியோ மாதிரியான சின்னக் கம்பெனிகளுக்கு இண்டிகோகோ என்ற கூட்டுநிதித் தளத்தில் முன்பணம் கட்டிவிட்டுப் பார்சலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது வால்வ், ஆசஸ், லெனோவா, எம்எஸ்ஐ என்று பெரிய ஆட்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்பாக்ஸ் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டது. போட்டி நல்லதுதான், ஆனால் வாங்க வருகிறவனுக்குத் தலை சுற்றுகிறது.

என் அக்கா மகனுக்குச் சுற்றுகிறது. கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான், வீடு இங்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பஸ்ஸில் போய் வருகிறான். "மாமா, ஒரே ஒரு பேர் சொல்லுங்க, போதும்" என்றான். சொல்லிவிடலாம். காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், அடுத்த வாரம் யூடியூபில் வேறொருவர் வேறொன்றைப் புகழ்ந்ததும் திரும்ப வந்து நிற்பான். அதனால் கணக்கை முழுசாகவே எழுதிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு, சாமான் வாங்கக் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் மாறி மாறிப் போகிற எல்லோருக்கும் இது ஆகும்.

பெட்டி வேறு, சிப் ஒன்று

விளம்பரத்தில் ஒவ்வொன்றும் தனிப்பிறவி மாதிரித் தெரியும். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் இருப்பது ஏஎம்டியின் சிப். ஒரே மில்லில் மாவை வாங்கி ஆளுக்கொரு தோசை ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். 2023-இல் வந்த ஆசஸ் ரோக் அலை, லெனோவா லீஜியன் கோ இரண்டிலும் இசட்1 எக்ஸ்ட்ரீம் என்ற அதே சிப்: கணக்குப் போட எட்டு கோர், படம் வரைய 12 கிராஃபிக்ஸ் யூனிட். இரண்டையும் ஒரே வாட் மின்சாரத்தில், ஒரே ரெசல்யூஷனில் (திரைப் புள்ளி எண்ணிக்கையில்) ஓட்டினால் நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் வருகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் சிப் கொடுப்பது இதே ஏஎம்டிதான் என்பதால், இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை.

இதற்கு மாறாகப் போனது எம்எஸ்ஐ. 2024 தொடக்கத்தில் கிளா என்ற பெட்டியை இன்டெல் சிப்போடு இறக்கினார்கள். அலை கொடுக்கிற ஃபிரேமைக்கூட அது கொடுக்கவில்லை என்று விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். அடுத்து வந்த கிளா 8 ஏஐ பிளஸ் வேறு ரகம். லூனார் லேக் என்ற புது இன்டெல் சிப், 80 வாட்-ஹவர் பேட்டரி, 32 ஜிபி மெமரி. குறைந்த மின்சாரத்தில் நன்றாகவே ஓடியது. ஆனாலும் எம்எஸ்ஐ அதோடு நிற்காமல் கிளா ஏ8 என்று ஏஎம்டி சிப்போடும் ஒன்று போட்டது. ஒரே குதிரை மேல் மொத்தப் பணத்தையும் கட்ட அவர்களுக்கும் மனம் வரவில்லை போலும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இசட்1-க்கு அடுத்து இசட்2 வந்தது. இரண்டு என்றால் ஒன்றைவிடப் பெரிது என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இசட்2 என்பது ஒரு சிப் இல்லை, ஒரு குடும்பம். இசட்2 எக்ஸ்ட்ரீம் நிஜமாகவே புதுசு, 16 கிராஃபிக்ஸ் யூனிட். வெறும் இசட்2 என்பது இசட்1 எக்ஸ்ட்ரீமின் உடன்பிறப்பு. இசட்2 கோ அதற்கும் ஒரு தலைமுறை பழையது. கடைசியாக இசட்2 ஏ: 2022-இல் வால்வின் ஸ்டீம் டெக்கில் வந்த அதே வகை, நாலு கோர், எட்டு கிராஃபிக்ஸ் யூனிட். 2025 அக்டோபரில் வந்த ரோக் எக்ஸ்பாக்ஸ் அலையின் சாதாரண மாடலில் இருப்பது இந்தக் கடைசி ஆள்தான்.

இதை ரூபாயில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2023-இல் இசட்1 எக்ஸ்ட்ரீம் வைத்த ரோக் அலை இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து எக்ஸ்பாக்ஸ் பெயர் ஒட்டிய சாதாரண அலையும் அதே 69,990-க்கு வந்தது. விலை அப்படியே, சிப் பின்னால் போயிருக்கிறது. (அப்படியும் அதைக் குப்பை என்று ஒதுக்க முடியாது, காரணம் கீழே வரும்.)

யாருக்கு எங்கிருந்து காசு வருகிறது

சிப் ஒன்றாக இருக்கும்போது விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? ஒவ்வொரு கம்பெனியும் எதை விற்றுப் பிழைக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வால்வ் நடத்துவது ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடை. அங்கே விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் வழக்கமாக 30 சதவீதம் அவர்களுக்கு. பெட்டியில் லாபம் குறைந்தாலும் கடையில் வந்துவிடும். அதனால்தான் 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக்கை 399 டாலரில் தொடங்க முடிந்தது. அந்த விலைக்கு வந்து சேர்ந்ததே வலித்தது என்கிற மாதிரி அதன் தலைவர் கேப் நியூவெல் அப்போதே சொல்லியிருக்கிறார். 2023 நவம்பரில் வந்த, ஓஎல்இடி திரை வைத்த டெக் 549 டாலர்.

ஆசஸுக்கும் லெனோவாவுக்கும் விளையாட்டுக் கடை கிடையாது. பெட்டியை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும். ஆகவே 699 டாலர், அதற்கு மேல் 799, எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் வந்தபோது 999. மைக்ரோசாஃப்ட்டுக்கோ விண்டோஸும் கேம் பாஸ் என்ற விளையாட்டுச் சந்தாவும் விற்க வேண்டும். பெட்டியை ஆசஸ் செய்கிறது, முகப்புத் திரை எக்ஸ்பாக்ஸுடையது.

இதில் லெனோவா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. லீஜியன் கோ எஸ் என்ற ஒரே பெட்டியை விண்டோஸோடும் விற்றார்கள், வால்வின் சொந்த இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸோடும் விற்றார்கள். வால்வ் அல்லாத ஒரு கம்பெனியின் கைக்கணினிக்கு ஸ்டீம் ஓஎஸ் உரிமம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஸ்டீம் ஓஎஸ் பதிப்பு 2025 மே மாதம் வந்தது. விண்டோஸ் பதிப்புக்கு அதைவிடக் கூட. ஒரே உடம்பில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள், பல விளையாட்டுகளில் ஸ்டீம் ஓஎஸ்தான் கூடுதல் ஃபிரேமும் கூடுதல் பேட்டரி நேரமும் தருகிறது என்று கண்டார்கள். மைக்ரோசாஃப்ட்டுக்கு அது சங்கடம். அந்த வருஷக் கடைசியில் எக்ஸ்பாக்ஸ் முழுத்திரை முகப்பை மற்ற விண்டோஸ் ஹேண்ட்ஹெல்டுகளுக்கும் (கைக்கணினிகளுக்கும்) திறந்துவிட்டதில் இந்த நெருக்கடிக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டீம் ஓஎஸ் நல்லதுதான், ஆனால் பந்து ஆட முடியாது

ஏழு அங்குலத் திரையில் விண்டோஸை விரலால் தடவி ஓட்டுவது ஒரு தண்டனை. அப்டேட் கேட்கும், பின்னால் எதையாவது ஓட்டிக்கொண்டிருக்கும், மூடி வைத்தால் ஒழுங்காகத் தூங்காமல் பைக்குள்ளேயே சூடாகிப் பேட்டரியைத் தின்னும். ஸ்டீம் டெக்கில் பட்டனை ஒரு தட்டு தட்டினால் விளையாட்டு நின்ற இடத்தில் நிற்கும். மறுபடி தட்டினால் அங்கிருந்தே தொடரும். பஸ்ஸில் ஆடுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விவரக் குறிப்பைப் படித்தால் தெரியாது. டிக்கெட் கொடுக்கக் கண்டக்டர் வந்தால் ஒரு தட்டு, அவர் போனதும் ஒரு தட்டு.

ஸ்டீம் ஓஎஸ் அடியில் லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளைப் புரோட்டான் என்ற அடுக்கு மொழிபெயர்த்து ஓட்டுகிறது. தனியாளாக ஆடுகிற கதை விளையாட்டுகள் பெரும்பாலும் அலுங்காமல் ஓடும். எது ஓடும் எது ஓடாது என்று ஸ்டீம் கடையிலேயே அடையாளம் போட்டிருக்கிறார்கள். சிக்கல் ஆன்லைனில். கள்ள ஆட்டத்தைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் பலவும் லினக்ஸை ஏற்பதில்லை. ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடியது, 2024 கடைசியில் லினக்ஸைத் தடுத்துவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அதே வருஷம் போயிற்று. கதைப் பகுதியை மட்டும் ஆடலாம். வாலரண்ட்டும் ஓடாது. அது விண்டோஸ் பெட்டியில்கூடக் கன்ட்ரோலரை ஏற்காது, மவுஸும் கீபோர்டும்தான். வாலரண்ட்தான் உயிர் என்றால் இந்தப் பட்டியலில் எதையும் வாங்க வேண்டாம்.

நம்ம பையன் விஷயத்தில் முடிச்சு விழுவது கால்பந்தில். அவனோடு பிளஸ் டூ படித்த பாலக்காட்டுக் கூட்டாளிகள் ராத்திரியானால் இஏ கம்பெனியின் கால்பந்து விளையாட்டான இஏ எஃப்சியில் கூடிவிடுகிறார்கள். கேரளத்தில் பிறந்துவிட்டுப் பந்து வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இஏவின் ஆன்டி-சீட் லினக்ஸில் ஓடாது, ஆக ஸ்டீம் ஓஎஸ் மட்டும் வைத்த பெட்டியில் இவனுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. எனக்குப் பிடித்த மென்பொருள் எதுவாக இருந்தாலும், இவனுக்கு விண்டோஸ் தேவை. ஆசை விடாவிட்டால் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம். 2025 மே மாதம் முதல் ஸ்டீம் ஓஎஸ் மற்ற ஏஎம்டி ஹேண்ட்ஹெல்டுகளிலும் ஏறத் தொடங்கியது. பஸைட் என்ற இலவச லினக்ஸ் அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸுக்கு லினக்ஸ், ராத்திரிப் பந்துக்கு விண்டோஸ். கொஞ்சம் குடைய வேண்டியிருக்கும், ஆனால் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு அது ஒரு வேலையா?

பாலக்காட்டு வெயில்

வெளியூர்க்காரர்கள் செய்யும் விமர்சனங்களில் நம் வெயில் வராது. 2022 ஜூலையில் ஐரோப்பாவில் வெயில் கொளுத்தியபோது வால்வ் ஒரு விளக்கம் கொடுத்தது: சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருந்தால் ஸ்டீம் டெக் நன்றாக வேலை செய்யும், அதற்கு மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கக்கூடும் என்று. நமக்கு மார்ச், ஏப்ரலில் 35 என்பது காலைப் பத்து மணிக் கணக்கு. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது, பாதரசம் நாற்பதைத் தாண்டி நின்றது. டெக் மட்டுமில்லை, எல்லாப் பெட்டிக்கும் இதே கதைதான். சிப்பின் சூட்டை வெளியே தள்ள ஃபேன் இழுப்பது நம் அறைக் காற்றைத்தான். காற்றே சூடாக இருந்தால் ஃபேன் கத்தும், ஃபிரேம் குறையும்.

முதல் ரோக் அலையில் மெமரி கார்டு இடுக்கு சூட்டினால் கெடக்கூடும் என்று ஆசஸே 2023-இல் ஒப்புக்கொண்டது. குளிர் நாட்டிலேயே புகார் வந்த விஷயம் இது. அடுத்து வந்த அலை எக்ஸில் உள்ளமைப்பையே மாற்றினார்கள். பழைய அலையை மலிவாக வாங்கினால் கார்டை நம்பி விளையாட்டுகளைச் சேமிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்வது நல்லது. அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. டெக்கும் முதல் அலையும் எடுப்பது 2230 என்ற குட்டி அளவு. அலை எக்ஸ் எடுப்பது சாதாரண லேப்டாப்பில் போடும் 2280. கோவையில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவது அதைத்தான், விலையிலும் பேரம் பேச இடமிருக்கும்.

வெயிலில் இன்னொன்று கெடும்: பேட்டரி. சூட்டில் முழுச் சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். வீட்டில் சார்ஜரில் போட்டே ஆடுகிற நேரங்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டு வையுங்கள். ஆசஸிலும் லெனோவாவிலும் அது இருக்கிறது, ஸ்டீம் ஓஎஸ்ஸுக்கும் வந்துவிட்டது.

பேட்டரிக் கணக்கு

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். பேட்டரியில் எத்தனை வாட்-ஹவர் இருக்கிறது, பெட்டி மொத்தமாக எத்தனை வாட் குடிக்கிறது. முதல் ரோக் அலையில் 40 வாட்-ஹவர். கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டினால் சிப், திரை, ஃபேன் எல்லாம் சேர்த்து 25 வாட் போனால்கூட ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான். டர்போவில் விட்டால் கோவை வருவதற்குள் கைவிட்டுவிடும். அலை எக்ஸில் 80 வாட்-ஹவர், அப்படியே இரட்டிப்பு. எக்ஸ்பாக்ஸ் அலை சாதாரண மாடலில் 60. லீஜியன் கோவில் 49 சொச்சம், டெக் ஓஎல்இடியில் 50.

டெக்கின் 50-ஐ லீஜியன் கோவின் 49-ஓடு அப்படியே ஒப்பிடக் கூடாது. டெக்கின் சிப் அதிகபட்சம் 15 வாட்டுக்குள் அடங்கும். மற்றவை 25, 30 என்று போகும். திரையும் கணக்கில் சேரும். டெக்கின் 1280-க்கு 800 திரையில் சுமார் பத்து லட்சம் புள்ளி. அலையின் 1080பி-யில் இருபது லட்சம். லீஜியன் கோவின் 2560-க்கு 1600 திரையில் நாற்பது லட்சம். அலையில் இருக்கும் அதே சிப் இரண்டு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும் என்றால் எப்படி? முடியாது. அதனால் லீஜியன் கோ வைத்திருப்பவர்களும் ரெசல்யூஷனைக் குறைத்துத்தான் ஆடுகிறார்கள். 8.8 அங்குலம், 144 ஹெர்ட்ஸ் என்று கடையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அந்தத் திரையில் விஆர்ஆர், அதாவது ஃபிரேம் வேகத்துக்குத் தகுந்தபடி திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, கிடையாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அலையில் அது உண்டு. ஃபிரேம் 45-க்கும் 60-க்கும் நடுவில் தள்ளாடும்போது ஆட்டம் தடுக்காமல் தெரிவது அதனால்தான். இந்த வகைச் சிப்பில் ஃபிரேம் எப்போதும் தள்ளாடும் என்பதால், திரையைப் பார்த்து வாங்குகிறவர் அளவுக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

எடையும் உண்டு. அலை 608 கிராம், டெக் ஓஎல்இடி 640, அலை எக்ஸ் 678, லீஜியன் கோ 854. காகிதத்தில் இருநூறு கிராம் ஒன்றுமில்லை. வேலந்தாவளம் ரோட்டில் பஸ் குலுங்கும்போது முழங்கையை எங்கும் ஊன்றாமல் பிடித்திருந்தால் மணிக்கட்டு சொல்லும். லீஜியன் கோவின் இரண்டு கைப்பிடிகளும் கழன்று வரும், வலது கையை நிமிர்த்தி வைத்து மவுஸ் மாதிரி ஓட்டலாம். ரொம்ப சாமர்த்தியமான யோசனை. ஹாஸ்டல் மேஜையில் வைத்து ஆடுகிறவனுக்கு அருமை, பஸ்காரனுக்கு உபயோகமில்லை.

டெக்கை எங்கே வாங்குவது

இதை எழுதும் வரை வால்வ் ஸ்டீம் டெக்கை இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் யாரோ இறக்கிக் கொண்டுவந்தது. அமெரிக்க விலையை ரூபாயாக்கி, அதன் மேல் இறக்குமதிச் செலவையும் லாபத்தையும் ஏற்றி விற்கிறார்கள். 399 டாலர் என்பதுதான் அதன் முதல் கவர்ச்சி. அது நம் கைக்கு வரும்போது அந்தக் கவர்ச்சி பாதி போய்விடுகிறது. அந்த மலிவு எல்சிடி மாடலின் உற்பத்தியையும் 2025 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வழி எல்லோர் மனசிலும் இருக்கும்: துபாய். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வளைகுடாவில் ஒருவர் இருக்கிறார். வரும்போது கொண்டு வா என்று சொன்னால் கொண்டு வருவார். பயணிக்கு ஒரு லேப்டாப்புக்குத் தனி விலக்கு உண்டு என்பது உண்மை. இந்தப் பெட்டி லேப்டாப்பா, விளையாட்டுச் சாமானா என்று நெடும்பாசேரி விமான நிலையத்தில் நிற்கும் சுங்க அதிகாரி முடிவு செய்வார். கொண்டுவருகிறவரின் பாடு அது. அதையும் தாண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கட்டைவிரலால் திருப்பும் ஸ்டிக் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தால் யாரிடம் போவது? வால்வுக்கு இங்கே சர்வீஸ் கிடையாது. டெக்கைத் திறப்பது சுலபம், உதிரிப் பாகமும் வெளிநாட்டில் கிடைக்கிறது, கைப்பழக்கம் உள்ளவன் தானே மாற்றிவிடுவான். நாலு வருஷமாக நான் மனசுக்குள் புகழும் பெட்டி இது. இருந்தாலும் அப்பா காசில் வாங்குகிற மாணவனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆசஸ், லெனோவா, எம்எஸ்ஐ மூன்றும் இந்தியாவில் முறையாக விற்கின்றன. லீஜியன் கோ 2024-இல் 89,990-க்கு வந்தது. அலை எக்ஸின் விலையும் 89,990. எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் 1,14,990. இவையெல்லாம் அறிமுக விலை. 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க மெமரி விலை ஏறிவருவதால், கொஞ்ச நாள் பொறுத்தால் குறையும் என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது. மெமரி இந்தப் பெட்டிகளில் ஏன் முக்கியம் என்றால், பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 16 ஜிபியில் விண்டோஸுக்குப் போக, கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது போக, விளையாட்டுக்கு மிஞ்சுவது இறுக்கமாகத்தான் இருக்கும். அலை எக்ஸின் 24 ஜிபி அதனால் ஆடம்பரமில்லை.

பாலக்காடா, கோவையா

வாட் (VAT) என்ற பழைய விற்பனை வரிக் காலத்தில் அந்தப் பக்கம் வாங்கினால் மலிவு, இந்தப் பக்கம் வாங்கினால் மலிவு என்று பேச்சு இருந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரி விகிதம் இரண்டு பக்கமும் ஒன்று. இப்போது விலையை மாற்றுவது பண்டிகைதான், அதில் நமக்கு இரட்டை யோகம். ஆவணியில் ஓணத்துக்குப் பாலக்காட்டுக் கடைகள் தள்ளுபடி போடும், ஐப்பசியில் தீபாவளிக்குக் கோவைக் கடைகள் போடும். ஓணத்தில் கேட்ட விலையைக் குறித்து வைத்துக்கொண்டு தீபாவளியில் பேரம் பேசலாம். சரி, விலையில் ஆயிரம் ரெண்டாயிரம் குறைவதைவிட, ரிப்பேருக்கு எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். லேப்டாப் சர்வீஸ் கொடுக்கும் அதே இடத்தில் இதையும் வாங்கிக்கொள்வார்களா, பெங்களூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்களா? தினமும் கோவைக்குப் போகிற பையனுக்குக் கோவையில் கொடுத்து வாங்குவதே வசதி, பெட்டியைப் பாலக்காட்டில் வாங்கியிருந்தாலும் சரி.

லேப்டாப்பே வாங்கிவிட்டால் என்ன என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. பையனிடம் லேப்டாப்பே இல்லை என்றால் நானும் அதையே சொல்வேன். இதே பணத்துக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப் வரும், படிப்புக்கும் ஆகும், விளையாட்டிலும் இந்த எல்லாப் பெட்டிகளையும் தூக்கிச் சாப்பிடும். விண்டோஸ் ஹேண்ட்ஹெல்டில் டாக், மானிட்டர், கீபோர்டு மாட்டினால் அதுவும் கணினிதான் என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மூன்றையும் தூக்கிக்கொண்டு யாரும் வகுப்புக்குப் போவதில்லை. இவனிடம் கிராஃபிக்ஸ் இல்லாத ஒரு லேப்டாப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால்தான் இந்தப் பேச்சே.

ஆக, பெயர். கையில் தொண்ணூறாயிரம் இருந்தால் அலை எக்ஸ், யோசிக்கவே வேண்டாம். 80 வாட்-ஹவர், 24 ஜிபி, விஆர்ஆர் திரை, எளிதில் கிடைக்கும் எஸ்எஸ்டி. வெயிலுக்கும் பஸ்ஸுக்கும் பந்துக்கும் மூன்றுக்கும் சரிப்படுகிற பெட்டி. கடையில் சரக்கு தீர்ந்திருந்தால் கிளா 8-ஐக் கையில் பிடித்துப் பார்க்கலாம், கிட்டத்தட்ட 800 கிராம் என்பது பிரச்சினை இல்லை என்றால். எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் நிச்சயம் வேகம் கூடியது. மாணவனுக்கு லட்சத்துக்கு மேல் இதில் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

பையனின் அப்பா, என் மச்சான், எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த வரம்புக்குள் இரண்டு பெட்டி: இசட்1 எக்ஸ்ட்ரீம் வைத்த பழைய அலை, இசட்2 ஏ வைத்த எக்ஸ்பாக்ஸ் அலை. சிப்பைப் பார்த்தால் பழையதுதான் பலசாலி, சார்ஜரில் மாட்டி வீட்டிலேயே ஆடுகிறவர் அதையே எடுக்கலாம். இவன் ஆடுவதில் பாதி பஸ்ஸில், மீதி கால்பந்து. படத் தர அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்தால் இஏ எஃப்சி அந்தச் சின்னச் சிப்பிலும் ஓடும். 60 வாட்-ஹவர் பேட்டரியும் குறைவாகக் குடிக்கும் சிப்பும் சேர்ந்தால் போகவர இரண்டு பயணமும் ஒரே சார்ஜில் முடிய வாய்ப்பு இருக்கிறது. பழைய அலையில் அது நடக்காது. எக்ஸ்பாக்ஸ் அலையையே எடுத்துக்கொள் மாப்ளே. பெரிய பெரிய கதை விளையாட்டுகளை உச்ச அமைப்பில் ஆடும் ஆசை இருந்தால் மட்டும் இதை விட்டுவிட்டு, அடுத்த ஓணம் வரைக்கும் சேர்த்து அலை எக்ஸுக்குப் போ.

வாங்கும் நாளில் கடையிலேயே பெட்டியைத் திறந்து இரண்டு ஸ்டிக்கையும் சுற்றிப் பார், எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார், திரையை முழு வெள்ளையாக்கி ஒரு முறை உற்றுப் பார். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும், அட்டைப் பெட்டியில் இருக்கும் எண்ணும் மெஷினின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் அந்த பில்லை போட்டோ எடுத்து உன் அம்மாவுக்கு அனுப்பி வை, உன் போனை நம்ப முடியாது.